துரைகிட்டச் சொல்லு

“துரை, மழைக்குப் பயந்து கடையைச் சாத்துற குடைக் கடைக்காரனை நீ எங்கயாவது கண்டீக்கியான்னு கேளு அவகிட்ட. வெயில்ல யாரு வந்து—”

“துரை, நேத்து ராவு முழுக்க இருமி இருமி மத்தவங்களையும் தூங்க விடாமக் கிடந்தது யாருன்னு—”

“—வந்து குடை வாங்குறது? இருமல் எனக்கு மட்டுமா ஈக்கிது? கண்டியில சுவருக்கே இருமல்—”

“—கேட்டுச் சொல்லு. ஆளைப் பத்திக் கேட்டா ஆளைப் பத்திப் பதில் வரணும், சுவரைப் பத்தி வரக்கூடாதுன்னும் சொல்லு.”

துரை சாப்பாட்டு மேசையின் நடுவில், இடியப்பத் தட்டுக்கும் சம்பல் கோப்பைக்கும் இடையே, முன்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், கழுத்தடியில் வெள்ளை, தடித்த முகம், எந்தக் காலத்துச் சண்டையிலோ கிழிந்த இடக்காது. சம்பலில் சரியாக இடிபடாமல் கிடந்த மாசிக் கருவாட்டுத் துண்டொன்றின் மேல் அதன் கண் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் அதை எடுத்துத் தரும்வரை அந்த இடத்தை விட்டு அசைகிற உத்தேசம் அதற்கு இல்லை. தராவிட்டால் கோப்பையைத் தட்டிவிடும். கோபத்தில் அல்ல, ஞாபகப்படுத்துவதற்காக.

ஹிதாயா கோப்பிக் கேத்தலைப் பிடித்தபடி வாசலில் நின்று சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். மாமனார் தாஸிம் முதலாளி மேசைக்கு இந்தப் பக்கம். மாமியார் ஆஸியா உம்மா அந்தப் பக்கம். ஒருவர் விட்ட மூச்சு மற்றவருக்குக் கேட்கிற தூரம். ஆனாலும் இருவரும் பூனையின் முகத்தைப் பார்த்தே பேசினார்கள்.

அவள் பிலிமத்தலாவையிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாலைந்து மாதம் இருக்கும். வந்த மறுநாள் விடியற்காலையில் மாமியார் அடுக்களையிலிருந்து, துரை, வெந்நீர் ஆறிப்போகிறதே, குளிக்கிற எண்ணம் உண்டா இல்லையா என்று சத்தமாகக் கேட்டார். வீட்டில் யாரோ வெள்ளைக்காரத் துரை வந்து தங்கியிருப்பதாக நினைத்து, ஹிதாயா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். தோளில் துவாயோடு கூடத்தைக் கடந்து போனவர் மாமனார். “போறேன்னு சொல்லு, துரை” என்றார் போகிறபோக்கில். கதிரையில் படுத்திருந்த பூனை கொட்டாவி விட்டது.

அன்று ராத்திரி புருஷனிடம் கேட்டாள். ஹபீலுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி. தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னான்: “உம்மாவும் வாப்பாவும் கோபம் இல்ல. பேச்சு மட்டும்தான் இல்ல.”

விஷயம் ஒரு பெரஹராவில், கண்டியின் யானை ஊர்வலத்தில், தொடங்கியது. கடை கீழே, வீடு மேலே. பெரஹரா போகிற தெருவைப் பார்த்தபடி கூடத்தில் பெரிய ஜன்னல் ஒன்றே ஒன்று. அந்த வருஷம் ஆஸியா உம்மா அதன் ஓரம் கதிரைகளைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் வரச்சொல்லி வைத்திருந்தார். அந்திநேரத்தில் முதலாளி தோட்டத்துத் துரை ஒருவரையும் துரைசானியையும் படியேற்றிக் கூட்டிவந்துவிட்டார். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மொத்தமாகக் குடை எடுக்கிற துரை. வாசலில் வந்து நின்றவரிடம் முடியாது என்று சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. ஆஸியா உம்மா அன்றிரவு முழுக்க அடுக்களையில் நின்று வந்தவர்களுக்கு வட்டிலப்பம் அவித்தார். மேளச் சத்தமும் யானை மணியும் சுவர் வழியாகக் கேட்டன. எல்லாம் அடங்கிய பின்பு ஒரு வார்த்தை கேட்டார். யானையைப் பார்க்காததில் உனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று முதலாளி சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களின் முன்னால் சிரித்தார். இனி உங்களோடு எனக்குப் பேச்சில்லை என்றார் ஆஸியா உம்மா. நல்லது, காதுக்கு ஓய்வு என்றார் முதலாளி.

மறுநாள் காலை, எங்கிருந்து வந்ததோ, மழையில் நனைந்த குட்டிப் பூனையொன்று அந்தத் துரை உட்கார்ந்த அதே கதிரையில் ஏறி, இறங்கமாட்டேன் என்று இருந்துகொண்டது. ஆஸியா உம்மா அதன் முன்னால் போய் நின்று, புருஷனின் காதில் விழும்படி வரவேற்றார்: வாங்க துரை, ஜன்னல் உங்களுக்குத்தான், என்ன சாப்பிடுகிறீர்கள், வட்டிலப்பமா? அடுத்த அறையிலிருந்து முதலாளி, துரை, வட்டிலப்பம் மிச்சமிருந்தால் எனக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கு என்றார். அப்படி வந்த பெயர்தான் துரை; அப்படி வந்த உத்தியோகம்தான் அதற்கு.

சும்மா செய்யவில்லை, கூலி வாங்கிக்கொண்டுதான் செய்தது. பேச்சுக்குப் பேச்சு மாசி வேண்டும். முகத்தைச் சொறிந்துவிட வேண்டும். சொறிகிறவர் கையை எடுத்தால் விரலைப் பல்லால் பிடித்துக்கொள்ளும்; வலிக்காது, விடவும் விடாது. இவர்கள் இருவரும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் அதற்குப் பொறுக்காது. அடுக்களைக்குப் போய் ஆஸியா உம்மாவின் குதிகாலைக் கடித்துக் கிளப்பும். அப்புறம் படியிறங்கிக் கடைக்குப் போய், வாங்க வந்தவர் விரித்துப் பார்க்கிற குடைக்குள் நுழைந்துகொண்டு, முதலாளி எழுந்து வரும்வரை ஒரே குரலில் கத்தும். இருவரையும் கூடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நடுவில் படுத்து, பேசுங்கள் பார்க்கலாம் என்பது போலக் கண்ணை மூடும். தொழுகைப் பாயில் நெற்றி வைக்கிற இடம் அதனுடையது. கட்டிலில் நடு இடம் அதனுடையது.

ஒருமுறை இரண்டு நாள் காணாமற்போயிற்று. அந்த இரண்டு நாளும் வீட்டில் சத்தமே இல்லையாம். கறிக்கு உப்புப் போதவில்லை என்று சொல்ல வழியில்லாமல் முதலாளி உப்பில்லாமலே தின்றாராம். மூன்றாம் நாள் அடுத்த கடையின் சாமான் கிட்டங்கியிலிருந்து புழுதியோடு திரும்பி வந்தபோது, இருவரும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தார்களாம்.

பெரஹரா வந்தால் முதலாளி ஜன்னலை அதற்குப் பிறகு யாருக்கும் கொடுத்ததில்லை. ஆஸியா உம்மா அதில் உட்கார்ந்ததுமில்லை. துரைதான் உட்காரும். அது தெருவில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆஸியா உம்மா பின்னால் ஒரு பக்கம் நிற்பார். அதே காரணத்துக்காக முதலாளி மறுபக்கம் நிற்பார்.

ஹிதாயா மாமியாரிடம் ஒருநாள் துணிந்து கேட்டாள், நேரே பேசிவிட்டால் என்ன என்று. ஆஸியா உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “அவரு முதல்ல வாயைத் தொறக்கட்டும், புள்ள. நான் தொறந்தா நான் தோத்த மாதிரி” என்றார். மாமனாருக்குக் கோப்பி கொடுக்கும்போது அவரிடமும் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, மாமி என்ன சொன்னாள் என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

துரை மேசையில் மாசிக்குக் காத்திருந்த அந்தக் காலை வழக்கு மழையைப் பற்றியது. மூன்று நாளாக விடாத மழை. முதலாளிக்கு ஒரு கிழமையாக நெஞ்சில் சளி. சாப்பிட்டு முடித்து, துரைக்கு மாசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலில் சப்பாத்துப் போட ஜன்னலடியில் இருந்த சாய்மனைக் கதிரைக்குப் போனார். துரை வாயை நக்கிக்கொண்டு பின்னாலேயே போய் மடியில் ஏறிற்று. ஆஸியா உம்மா மேசையைத் துடைத்தபடியே கடைசி வாதத்தை வைத்தார்.

“துரை, மகன்னு ஒருத்தன் ஈக்கிறான். குடையை விரிச்சுக் காட்ட அவனுக்கும் ரெண்டு கை ஈக்கிது. இன்னைக்கு ஒரு நாளைக்கு அவன் நிக்கட்டும். இவரு நிக்காட்டி கடை ஒண்டும் மகாவலி ஆத்துல போயிராதுன்னு சொல்லு.”

பதில் வரவில்லை.

ஆஸியா உம்மா துடைப்பதை நிறுத்திக் காத்திருந்தார். மழைதான் கேட்டது. மருமகளைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். இத்தனை வருஷத்தில் முதலாளி பதிலில்லாமல் போனது இதுதான் முதல் தடவை. வழக்கில் வென்றவரின் நடையோடு அடுக்களைக்குப் போய், நெஞ்சுச் சளிக்குக் கொத்தமல்லியை அவிக்கப் போட்டார். பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஹிதாயா கோப்பிக் கோப்பையை எடுக்கப் போனாள். துரை மாமனாரின் கைக்கு அடியில் தலையைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தது. கை தூக்கப்பட்டது, விழுந்தது. மறுபடி முட்டிற்று. மறுபடி விழுந்தது. அது அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துச் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. பிறகு ஒரு விரலைப் பல்லால் பிடித்தது. பிடித்துக்கொண்டே இருந்தது.

“மாமா” என்றாள் ஹிதாயா.

ஒரு சப்பாத்துதான் போட்டிருந்தார்.

ஹபீல் கீழேயிருந்து ஓடி வந்தான். தெருக்கோடியில் இருக்கிற மருந்துக்கார ஐயா, யாழ்ப்பாணத்து வரதராசா, குடையைக்கூட மடக்காமல் படியேறி வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, பிடித்ததைவிட மெதுவாக அதை மடியில் வைத்தார். நெஞ்சு நின்றிருக்கிறது, நோவு தெரியாமல் போயிருக்கிறார் என்றார். காலமை ஆரோடும் கதைச்சவரோ என்று கேட்டார். ஹிதாயா சொன்னாள்.

“பூனையோட பேசினாரு.”

வரதராசா பூனையைப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது. “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு, அப்போதுதான் குடையை மடக்கினார்.

ஆஸியா உம்மா கொத்தமல்லியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்தார். கையைச் சேலையில் துடைத்தார். கதிரைக்குப் பக்கத்தில் நின்று புருஷனைப் பார்த்தார். வாய் திறந்தது, ஏதோ கேட்கப் போகிறவர் போல. பிறகு மூடிக்கொண்டது. உள்ளே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தவர், அதன்பின் அழவுமில்லை, பேசவுமில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

கம்பளைக்குத் தந்தி போயிற்று. முதலாளியின் தங்கை, பேர் சித்தி றலியா, அங்கே வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் எல்லோருக்கும் கம்பளை மாமி. பகல் றெயிலில் வந்து, ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போதே அழத் தொடங்கி, படி முழுக்க அழுது, மேலே வந்து நானாவின், தன் அண்ணனின், காலடியில் விழுந்து இன்னும் கொஞ்சம் அழுது, பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலையைத் தொடங்கினார். அது அவர் சுபாவம். அழுகைக்கு ஒரு நேரம், ஆட்சிக்கு ஒரு நேரம்.

முதலில் மதினிக்கு வெள்ளைச் சேலை கட்டினார். உள்ளறை வாசலுக்கு இரட்டைத் திரை போட்டார். புருஷன் மௌத்தான பெண் இத்தாவில் இருக்கிற மாதங்களில் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கம்பளை மாமியின் இத்தா மார்க்கக் கிதாபில் உள்ளதைவிட இரண்டு முழம் நீளம். பக்கத்து வீட்டு உம்மு குல்சும் மாசக்கணக்கு முற்றிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தாள். திரைக்கு வெளியிலேயே அவளை நிறுத்தி, வயிற்றில் இருப்பது ஆண்பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது, திரும்பிப் போ மகளே என்றார். உம்மு குல்சும் திரைக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் இப்போது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறான், நான் உறுதி சொல்கிறேன் என்றாள். உள்ளே இருந்த பெண்களில் இரண்டொருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் துரை வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க யாருமில்லை. அந்த நிலைமை அதன் வாழ்க்கையில் இதுவரை வந்ததில்லை. உடலைச் சுற்றுகிற கபன் துணியை அளந்து வெட்ட விரித்தபோது நடுவில் போய்ப் படுத்தது. தூக்கிவிட்டால் திரும்பி வந்து படுத்தது. கூடத்தில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த ஆண்களின் வரிசையில் ஒவ்வொரு முழங்காலாக உரசிப் பார்த்துக்கொண்டு போய், கடைசியில் பள்ளிவாசல் லெப்பையின் மடியைத் தேர்ந்தெடுத்தது. லெப்பை ஓதலை நிறுத்தவில்லை. ஒரு கை பக்கம் திருப்பிற்று, மற்றக் கை அதன் தாடையைச் சொறிந்தது. ஓரிடத்தில் மூச்சுவாங்கக் கையை எடுத்தார். துரை விரலைப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் மட்டும் லெப்பையின் குரல் கொஞ்சம் ஏறிற்று.

பிறகு அது திரையைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளறைக்கு வந்தது. ஆஸியா உம்மாவின் முகம் முதன்முறையாக அசைந்தது. ஆனால் அது பாயைத் தொடும் முன்னே கம்பளை மாமி பிடரியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தூக்கி, வாலை விலக்கிப் பார்த்தார்.

“இது கடுவன்.”

“பூனைதானே மாமி” என்றாள் ஹிதாயா.

“கடுவன்னா கடுவன்தான், புள்ள. இத்தா அறைக்குள்ள ஆம்புளைன்னு பேருகூட ஆகாது.”

அவ்வளவுதான் விசாரணை. கடையில் குடை தைக்கிற அழகமுத்துவைப் பின்படிக்குக் கூப்பிட்டு, இதைக் கீழே கிட்டங்கியில் கூடைக்குள் போட்டு மூடு, அடக்கம் முடிந்ததும் பேராதனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு, ஆறு தாண்டினால் திரும்பி வராது என்று உத்தரவு போட்டார். ஹிதாயா மாமியாரைப் பார்த்தாள். அவர் வாய் திறந்து மூடியது. வந்து நாலைந்து மாதமான மருமகள், கம்பளை மாமியோடு வாதாட அவளுக்கும் தைரியம் வரவில்லை.

சற்று நேரத்தில் தரைப் பலகை வழியாகச் சத்தம் வரத் தொடங்கிற்று. ஒரே குரல், நீட்டி, விட்டு, மறுபடி நீட்டி. பெண்கள் கலங்கிப் போனார்கள். வாயில்லாச் சீவன், எசமானை நினைத்து எப்படி அழுகிறது பார் என்றாள் ஒருத்தி. ஹிதாயாவுக்கு அது அழுகையில்லை என்று தெரியும். இருவரையும் கூடத்துக்கு வரச் சொல்லி அது கூப்பிடுகிற குரல் அது.

குளிப்பாட்டிக் கபனிட்டு, சந்தூக்குப் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் கடைசியாக முகம் பார்க்க ஆண்கள் படியில் இறங்கி நின்றார்கள். உள்ளறைத் திரை விலகியது. ஒவ்வொருவராக வந்து பொருத்தம் சொல்ல வேண்டிய நேரம். உயிரோடிருந்தபோது மௌத்தானவர் செய்த குறை, சொன்ன சொல், மனம் நொந்த காரியம் எதுவானாலும் மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். யார் சொல்லாவிட்டாலும் பெண்சாதி சொல்லியாக வேண்டும். அவள் பொருத்தம் இல்லாமல் சந்தூக்கைத் தூக்கினால் அது அடக்கம் செய்கிற மையவாடி வரை கனக்கும் என்பது அந்தத் தெருப் பெண்களின் உறுதியான எண்ணம்.

கம்பளை மாமி முதலில் குனிந்தார். சின்ன வயதில் என் பங்குப் பலாச்சுளையையும் சேர்த்துத் தின்றீர்கள் நானா, பொருந்திக்கொண்டேன் என்றார். சொல்லும்போது சிரிப்பு வந்து, சிரிப்போடு அழுகையும் வந்து, திரும்பி மதினியின் தோளைத் தொட்டார்.

“மதினி, நானாவுக்குப் பொருத்தம் சொல்லுங்க.”

ஆஸியா உம்மா சந்தூக்கின் பக்கத்தில் உட்கார்ந்து புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி கேட்டார்கள். ஒரு சொல் போதும் என்றார்கள். மனதால் சொன்னால் ஆகாதா என்று ஒருத்தி கேட்க, ஆகாது, வாயால்தான் என்றாள் இன்னொருத்தி. பின்வரிசையில் யாரோ, அந்தப் பெரஹராக் கோபம் இன்னும் போகல்லையாக்கும் என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. ஆஸியா உம்மாவின் காதிலும் விழுந்தது. அவர் முகம் வெளுத்தது. படியில் ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள். “உம்மா, அஸர் தொழுகைக்கு நேரமாகுது” என்று ஹபீல் கெஞ்சினான்.

ஹிதாயா மாமியாரின் கையைப் பார்த்தாள். பாயின் ஓரத்தில், யாருமில்லாத இடத்தில், அந்தக் கையின் இரண்டு விரல்கள் எதையோ மெல்லச் சொறிந்துகொண்டிருந்தன.

அவள் எழுந்து பின்படியால் இறங்கினாள்.

கிட்டங்கியில் குடைக் கம்பிக் கட்டுகளுக்கு நடுவே அழகமுத்து கூடையின் மேல் கையை வைத்துக் குந்தியிருந்தான். மூடி தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. “கத்தலைங்க சின்னம்மா, ஏசுது” என்றான். “மூடுனதுல இருந்து நம்மளத்தான் ஏசுதுன்னு நினைக்கிறேன்.” அவள் கூடையைத் திறக்கச் சொன்னாள். கம்பளையம்மா கேட்டால் என்று இழுத்தான். நான் திறந்தேன் என்று சொல் என்றாள். அவன் கையை எடுத்ததற்கும் துரை அவள் தோளில் ஏறியதற்கும் இடையே நேரமே இருக்கவில்லை.

படியின் மேல்முனையில் கம்பளை மாமி வழியை அடைத்து நின்றார்.

“அந்தக் கடுவனை எங்க கொண்டு போற?”

ஹிதாயா ஒரு படி பின்வாங்கப் பார்த்தாள். ஆனால் பூனையின் நகம் தோளில் ஏறியிருந்தது. நின்று யோசிக்க அது விடவில்லை.

“உங்க மதினிக்குப் பேச்சு வரணும்னா இது பக்கத்துல ஈக்கணும். இவ்வளவு வருஷமும் அவங்க ரெண்டு பேரும் இதை வச்சுத்தான் பேசினாங்க. உங்களுக்கும் தெரியும்தானே, மாமி.”

கம்பளை மாமி பூனையைப் பார்த்தார். கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயில் ஏதோ ஒரு சட்டம் வந்து நின்று, வெளியே வராமல் திரும்பிப் போயிற்று. “வாலை இறக்கி வைக்கச் சொல்லு அதை” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

துரை கூடத்தில் குதித்தது. உடம்பை உதறிற்று. தன்னைக் கூடையில் அடைத்தது, காலையிலிருந்து ஒருவரும் கவனிக்காதது, மாசி ஒரு துண்டோடு நின்றுபோனது எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கத்தலாக முறையிட்டுக்கொண்டே, விலகி வழிவிட்ட பெண்களை ஏறிட்டும் பார்க்காமல் நடந்து, ஆஸியா உம்மாவுக்கும் சந்தூக்குக்கும் நடுவே போய் முன்கால்களைச் சேர்த்து உட்கார்ந்தது.

“துரை” என்றார் ஆஸியா உம்மா.

முதலாளி போன பிறகு அவர் பேசிய முதல் சொல். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். திரையோரத்தில் உம்மு குல்சும் எழுந்து நின்றாள்.

“துரை, அவருகிட்டச் சொல்லு—”

நின்றுவிட்டார். பூனையின் முகத்தைப் பார்த்தார். அது கண்ணை இடுக்கிக் காத்திருந்தது. அதன் தாடையடியில் விரலைக் கொடுத்துச் சற்று நேரம் சொறிந்தார். பிறகு அதே கையால், மேசையில் தட்டை ஒதுக்கிவைப்பதுபோல, அதை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். சந்தூக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“இஞ்ச பாருங்க.”

பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை இந்த வீட்டில் ஹிதாயா கேட்டதில்லை. படியில் நின்ற ஹபீல் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

“நான் பொருந்திக்கிட்டேன். எல்லாத்துக்கும் பொருந்திக்கிட்டேன்.”

யாரோ அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். கம்பளை மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை மூடக் கபன் துணியின் ஓரத்தைப் பிடித்தார். ஆஸியா உம்மா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். மழை விட்டிருந்தது, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற நீர் மட்டும் கேட்டது. ஒரு பக்கத்துப் பேச்சு முடிந்துவிட்டதால், துரை தலையைத் திருப்பி மற்றப் பக்கத்தைப் பார்த்தது. ஆஸியா உம்மாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களும் பொருந்திக்கிட்டீங்கதானே?”